கண்முன் உருக்குவது

தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான், அதாவது பெற்றவளின் பொன்னிலும் துளி திருடுவான் என்ற பழமொழியைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனாலேயே பழைய நகை எது வந்தாலும், கொடுத்தவரை எதிரில் உட்காரவைத்துத்தான் உருக்குவேன். எடை போட்டு, சீட்டில் எழுதி, அவர் பார்க்கவே, உருக்கும் கிண்ணமான மூசையில் இடுவேன். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பட்டறைக்கு நல்ல பெயர் வந்ததே இதனால்தான். அந்த வழக்கமே ஒருவரை வதைத்துவிட்டதோ என்ற எண்ணம் இப்போது என்னை விடுவதில்லை.

அக்கா, தங்கை இருவர். அம்மாவுக்கு வருஷத் திதி முடித்துவிட்டு வந்திருந்தார்கள். கெம்பு பதித்த அட்டிகையை உருக்கித் தங்கைக்குச் சங்கிலி, அக்காவுக்கு வளையல்; கற்களில் ஆளுக்கொரு ஜோடித் தோடு. கற்களைப் பெயர்த்தபோது இடுக்குகளில் சந்தனமும் மஞ்சளும் அரக்கோடு அரக்காக இறுகியிருந்தன. அக்கா ஒரு துணுக்கை விரல்நுனியில் எடுத்து முகர்ந்து பார்த்தார். அப்போதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எதையும் மறைக்காமல்தான் பேசினேன். அந்தக் கால நகைகளில் பொடி, அதாவது பற்றவைக்கும் கலப்பு உலோகம், வைத்து ஊதிய இடங்கள் அதிகம். உருக்கினால் அந்தப் பொடியும் தங்கத்தோடு கலந்து மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை, குறையும். 916 தரத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் கட்டித் தங்கம் சேர்க்க வேண்டும்.

"அப்படிச் சேர்த்தால் முழுக்க அம்மாவுடையதாக இருக்காதே" என்றார் அக்கா. மாற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, வேறு தங்கம் கலக்கக் கூடாது என்று இருவரும் சேர்ந்தே முடிவெடுத்தார்கள்.

வெண்காரம் தூவி நெருப்பைத் திருப்பினேன். உருகும்போது பொடி வைத்த இடங்கள்தான் முதலில் இளகும். கண்ணிகள் ஒன்றிலிருந்து ஒன்று கழன்று சரிந்தன. பதக்கம் மட்டும் இன்னும் உரு மாறவில்லை. அதன் பின்தகட்டில் அவர்கள் அப்பாவின் பெயரெழுத்து கொத்தியிருந்தது.

"அண்ணா, நிறுத்துங்கள்" என்றார் அக்கா.

நான் நிறுத்தவில்லை. "பாதிக்குமேல் போய்விட்டதம்மா, இனி முடித்துவிடுவதுதான் நல்லது" என்றேன். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சிறிது நேரத்தில் எல்லாம் ஒரே உருண்டையாகிவிட்டது.

இடுக்கியால் பதக்கத்தைத் தூக்கியிருக்க முடியுமா? முடிந்திருக்கலாம். ஆனால் விளிம்பு இளகத் தொடங்கிய தகடு அது. எழுத்து தப்பியிருக்கும் என்று எந்த ஆசாரியும் உறுதி சொல்ல முடியாது. அதோடு தங்கையின் பங்கும் அதே மூசையில் கிடந்தது. இவ்வளவு நியாயம் என் பக்கம் இருக்கிறது. ஆனாலும், ஒருவர் தன் தாயின் பொருளை உருக்குவதை நிறுத்தச் சொல்லும்போது கணக்குப் பார்க்க எனக்கு என்ன உரிமை?

நெருப்பில் இடும் நேரத்தில் வீட்டாரை வெளியே அனுப்பிவிடலாம் என்றுதான் மகன் சொல்கிறான். மருத்துவமனையில் அப்படித்தானே செய்கிறார்கள் என்கிறான். அவன் சொல்வதிலும் பொருள் இருக்கிறது. ஆனால் வெளியே அனுப்பப்பட்டவர், திரும்பி வந்து அந்த உருண்டையைப் பார்க்கும்போது, இதுதான் அம்மாவுடையது என்று எதை வைத்து நம்புவார்? கண்ணால் பார்த்த வேதனையைவிட அந்தச் சந்தேகம் கொடியது என்று சில நாட்கள் நினைக்கிறேன். சில நாட்கள் அப்படி நினைக்க முடிவதில்லை.

இப்போது ஒன்று மட்டும் செய்கிறேன். உருக்குவதற்கு முன், கொக்கியோ திருகோ ஏதாவது ஒன்றைத் தனியே எடுத்துக் காட்டி, இதை அப்படியே புது நகையில் வைத்துவிடட்டுமா என்று கேட்கிறேன். பெரும்பாலானவர்கள் சரி என்கிறார்கள்.

தங்கை சங்கிலியை மெருகேற்றக் கொண்டுவருவார். அக்கா அந்த வளையலைக் கழற்றுவதே இல்லை என்று அவர்தான் சொன்னார். நெருப்பை நிறுத்தாத என்னை மன்னித்துவிட்டார் என்று அதற்குப் பொருள் கொள்ள எனக்குத் துணிவு வரவில்லை. அது அவருடைய அம்மாவின் தங்கம், அதனால் அணிகிறார்.