368ஆம் உறுப்பிலிருந்து தொடங்குங்கள்

அரசியலமைப்புச் சட்டத் தாள் என்றதும் ஜூனியர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை ஆர்ட்டிகிள் மனப்பாடம் பண்ணணும்?" என்பதுதான். எல்.எல்.பி.யில் இதைப் படித்து, எல்.எல்.எம்.மில் சிறப்புப் பாடமாகவும் எடுத்தவன் என்ற முறையில் என் பதில் இது: மனப்பாடத்தை ஓரமாக வையுங்கள். அரசியலமைப்பைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் 368ஆம் உறுப்பை (ஆர்ட்டிகிளை) திறந்து வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி நாடாளுமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் நடந்த சண்டையைத் தேதி வரிசையில் படியுங்கள். முக்கியமான மற்ற உறுப்புகளில் பாதி அந்தச் சண்டைக்குள்ளேயே வந்துவிடும்.

சிலபஸ் இப்படி இருக்காது. அடிப்படை உரிமைகள் முதலில், வழிகாட்டு நெறிகள் அப்புறம், சட்டத்திருத்தம் கடைசியில் என்று தனித்தனிப் பெட்டிகளாக இருக்கும். வகுப்பு அந்த வரிசையில் போகட்டும், வீட்டில் இந்த வரிசையில் படியுங்கள்.

தொடக்கம் நம்மூரில்தான். மெட்ராஸ் மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று ஒதுக்கீடு இருந்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம், கல்லூரிச் சேர்க்கையில் மத, சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் 29(2)ஐக் காட்டி இதைச் செல்லாது என்றது. தீர்ப்பை முழுதாகப் படித்தவர்களுக்குத்தான் ஒரு வேடிக்கை தெரியும்: அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. கைடு புத்தகத்தில் இது இருக்காது. தீர்ப்போ சில பக்கங்கள்தான், ஒரு மாலையில் முடித்துவிடலாம். உடனே அதே ஆண்டின் முதல் திருத்தத்தைப் படியுங்கள். பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் 15(4) ஏன் வந்தது என்பது அதன்பிறகு மறக்கவே மறக்காது. நிலச்சீர்திருத்தச் சட்டங்களைக் காப்பாற்ற 31ஏ, 31பி, ஒன்பதாம் அட்டவணை (அடிப்படை உரிமையைக் காட்டிச் செல்லாது எனச் சொல்ல முடியாதபடி சட்டங்களைக் காக்கும் பட்டியல்) ஆகியவையும் அந்தத் திருத்தத்தில்தான் நுழைந்தன. அதை எதிர்த்து வந்தது சங்கரி பிரசாத் வழக்கு. அங்கிருந்து சஜ்ஜன் சிங், அடிப்படை உரிமைகளைத் திருத்த முடியாது என்று 1967இல் சொன்ன கோலக்நாத், அதற்குப் பதிலடியாக 1971இல் 24ஆவது திருத்தம், 1973இல் கேசவானந்த பாரதி என்று நூல் நீள்கிறது.

இங்கே பேர் ஆக்ட், அதாவது விளக்கவுரை இல்லாத சட்ட மூலப் புத்தகம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பலர் அடிக்குறிப்புகளை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் விஷயமே இருக்கிறது. கோலக்நாத்தைப் படித்துவிட்டு 19(1)(எஃப்)ஐத் தேடினால் இன்றைய பிரதியில் கிடைக்காது. சொத்துரிமை 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தத்தால் அடிப்படை உரிமைப் பகுதியிலிருந்து நீக்கப்பட்டு, 300ஏ உறுப்பின்கீழ் அடிப்படை உரிமை அல்லாத வெறும் அரசியலமைப்பு உரிமையாகிவிட்டது. இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. 368இன் (4), (5) உட்பிரிவுகள் இன்னும் அச்சில் இருக்கின்றன. அரசியலமைப்புத் திருத்தத்தை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்று நெருக்கடிநிலைக் காலத்தில் 42ஆவது திருத்தம் சேர்த்தவை அவை. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அவை செல்லாது என்று தீர்ப்பானது. அடிக்குறிப்பைப் பார்க்காமல் அவற்றை நடப்புச் சட்டமாக எழுதிவைத்த விடைத்தாள்கள் உண்டு. நீதிபதிகள் நியமன ஆணையத்துக்காக 99ஆவது திருத்தம் கொண்டுவந்த 124ஏயும் அப்படித்தான், அச்சில் இருக்கிறது, உயிர் இல்லை.

சரி, கேசவானந்தா. பதின்மூன்று நீதிபதிகள், 68 நாள் விசாரணை, பதினோரு தனித்தனித் தீர்ப்புகள், 7-க்கு 6 என்ற பெரும்பான்மை. முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தால் செமஸ்டர் முடிந்துவிடும். நீதிபதி எச்.ஆர். கன்னாவின் தீர்ப்பை எடுங்கள். ஒருபக்கம் ஆறு பேர் திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பு உண்டு என்றார்கள், மறுபக்கம் ஆறு பேர் இல்லை என்றார்கள். நடுவில் நின்று அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது, அதற்கு உட்பட்டு அடிப்படை உரிமைகளையும் திருத்தலாம் என்றவர் அவர். அதை முடித்துவிட்டு எதிர்த்தரப்பில் ஏ.என். ரேயின் தீர்ப்பைப் படியுங்கள். பெரும்பான்மையின் கருத்து என்று ஒரு சுருக்கம் வெளியிடப்பட்டதே, அதில் ஒன்பது பேர்தான் கையெழுத்திட்டார்கள். தீர்ப்பு வந்த கையோடு மூத்த நீதிபதிகள் மூவரைத் தாண்டி ரே தலைமை நீதிபதியானதையும் சேர்த்தே படிக்க வேண்டும். சட்டம் வேறு, அரசியல் வேறு என்று பிரித்தால் இந்தத் தாள் சப்பென்று ஆகிவிடும்.

நூலின் இன்னொரு முனை நீலகிரியின் கூடலூரில் இருக்கிறது. அங்கிருந்த ஜென்ம எஸ்டேட் என்ற பரம்பரை நிலவுடைமையை ஒழிக்கும் சட்டம் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டதை ஒட்டி எழுந்த ஐ.ஆர். கோயலோ வழக்கில், 2007இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 24.4.1973க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பு என்ற உரைகல்லில் உரசிப் பார்க்கலாம் என்பது தீர்ப்பு. அந்தத் தேதி கேசவானந்தா தீர்ப்பு வந்த நாள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கோட்பாட்டுத் தாளுக்குப் போகச் சொல்வேன். சட்டத் தத்துவவாதிகளான கெல்சனையும் ஹார்ட்டையும் வெறுங்கையோடு படித்தால் தூக்கம்தான் வரும். வழக்குகளைப் படித்த கையோடு போனால் கேள்விகள் உங்களிடமே இருக்கும். நாடாளுமன்றத்துக்குத் திருத்தும் அதிகாரத்தை 368 தருகிறது, அரசியல் நிர்ணய சபைக்கு அதிகாரம் தந்தது யார்? உருவாக்கப்பட்ட ஓர் அமைப்பு, தன்னை உருவாக்கிய ஆவணத்தையே அழிக்கலாமா? தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள், உறுப்பில் எழுதப்படாத ஒரு வரம்பைக் கண்டெடுக்கலாமா? ஜெர்மனி தன் 79(3)இல் எவற்றை மாற்றக்கூடாது என்று எழுதியே வைத்துவிட்டது. இலங்கையின் 1978 அரசியலமைப்பு 83ஆம் உறுப்பில் சிலவற்றை மாற்றுவதற்கு மூன்றில் இரண்டு பங்கோடு மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும் என்கிறது. இந்தியாவில் நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த மூன்றையும் ஒப்பிட்டு எழுதத் தெரிந்தால் கோட்பாட்டுத் தாளில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. என்னைக் கேட்டால், கன்னாவின் முடிவு சரி, 'திருத்தம்' என்ற சொல்லின் பொருளை வைத்து அவர் அங்கே போய்ச் சேர்ந்த வழிதான் மெலிது. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. விடையில் இரண்டு பக்கமும் வைத்துவிட்டு உங்கள் நிலையைச் சொல்லுங்கள். சொல்லாமல் நழுவுகிற விடைக்குத்தான் மதிப்பெண் குறைகிறது.

பிராப்ளம் கேள்விகளுக்கு ஒரே வரிசை போதும். எதிர்த்தரப்பு 12ஆம் உறுப்பின்படி 'அரசு'தானா, எந்த உரிமை பாதிக்கப்பட்டது, அது குடிமக்களுக்கு மட்டுமா எல்லோருக்குமா, கட்டுப்பாடு நியாயமானதா, கடைசியில் 32இன்படி உச்ச நீதிமன்றமா 226இன்படி உயர் நீதிமன்றமா. நியாயமான கட்டுப்பாட்டுக்கு 1952இன் வி.ஜி. ராவ் வழக்கை எழுதுங்கள், அதுவும் மெட்ராஸ் வழக்குதான். வழக்கின் பெயர் தெரிந்து ஆண்டு மறந்துபோனால் ஆண்டை விட்டுவிடுங்கள். தப்பான ஆண்டு போடுவதைவிட அது மேல்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் முதல் சில மாதம் தீர்ப்புகளின் ஆங்கிலத்தில் திணறுவார்கள். அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டுப் படியுங்கள். உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்தில் தீர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன, சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. மொழிபெயர்ப்பை வைத்துக் கதையைப் பிடியுங்கள், வாதத்தை மூலத்தில் சரிபாருங்கள். முதலில் செண்பகம், அப்புறம் வி.ஜி. ராவ், இரண்டும் சின்னவை. கன்னாவுக்கு மூன்றாவதாகப் போகலாம்.