இரவில் சொறிபவர்கள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பிறை என்னும் ஊரில் ஒரு கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். அரிப்பு என்று வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரியில் அதிகமாகிறதா?" அடுத்தது, "கூடத் தங்கியிருப்பவர்களில் வேறு யார் சொறிகிறார்கள்?" சொறி சிரங்கைத் தோலில் தேடுவதற்கு முன் இந்த இரண்டையும் கேட்டே ஆக வேண்டும்.

தொழிற்சாலை விடுதியில் தங்கியிருக்கும் தம்பி ஒருவர் அண்மையில் வந்தார். "இறால் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை மிஸி" என்றார். யாரோ கொடுத்த ஸ்டீராய்டு களிம்பைப் பூசியிருக்கிறார். சில நாள் அடங்கி, பிறகு இரு மடங்காகத் திரும்பியிருக்கிறது. இந்தக் களிம்பு அரிப்பைத் தணித்து அடையாளத்தை மறைத்துவிடும், சொறி சிரங்குக்குக் காரணமான, தோலைக் குடையும் நுண்ணிய பூச்சியைக் கொல்லாது. கையை விளக்கின் கீழ் வைத்து விரல்களை விரித்தேன். நடுவிரல் இடுக்கில், பென்சிலால் கிறுக்கி அழித்தது போல், அரை சென்டிமீட்டர் நீளத்தில் சாம்பல் நிறத்தில் நெளிந்த ஒரு கோடு. அதன் ஒரு முனையில் சிறு கொப்புளம். மணிக்கட்டிலும், இடுப்பில் கால்சட்டையின் பட்டி அழுத்தும் இடத்திலும் சிவந்த பருக்கள். டாக்டர் பார்த்து உறுதிப்படுத்தினார். அதற்குப் பிறகுதான், அறையில் இன்னும் இரண்டு பேர் சொறிகிறார்கள் என்றார் தம்பி.

எனக்குக் கவலை அந்த இருவரைப் பற்றியல்ல, சொறியாமல் இருப்பவர்களைப் பற்றித்தான். பெண் பூச்சி மேல்தோலைக் குடைந்து (விரலிடுக்கில் கண்ட கோடு அந்தக் குடைவுதான்) நாளுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடுகிறது. அந்த முட்டைக்கும் எச்சத்துக்கும் உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அரிப்பு. முதல் முறை தொற்றியவருக்கு அது தொடங்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதற்குள் அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவிவிடும்.

கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், முகம், தலை வரை வரும். தளர்ந்த முதியவர்கள் சிலருக்குத் தோல் தடித்துப் பொருக்குத் தட்டும். அரிப்பு குறைவாக இருப்பதால் வறண்ட தோல் என்று விட்டுவிடுகிறார்கள். மிக வேகமாகப் பரவுவது அந்த வகைதான். சொறிந்த புண்ணில் சீழ் பிடித்தால் சிலருக்குச் சிறுநீரகம் வரை பாதிக்கும்.

"நான் தினமும் இரண்டு வேளை குளிக்கிறேனே" என்று தலைகுனிந்தார் அந்தத் தம்பி. குளிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நெருக்கமாகப் படுத்து உறங்கும் எவருக்கும் வரும். இந்த வெட்கம்தான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. வாய் திறக்காத ஒவ்வொரு வாரமும் பூச்சிக்கு லாபம். அவர் சம்மதித்ததால் விடுதி மேற்பார்வையாளரிடம் நானே பேசினேன். அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறையில் எல்லாரும் ஒரே இரவில் பூச்சியைக் கொல்லும் 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமைக் கழுத்திலிருந்து பாதம் வரை, நகத்தின் அடியிலும் பூசி, காலையில் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை. துணி, விரிப்பு எல்லாம் சுடுநீரில். துவைக்க முடியாததை மூன்று நாள் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கலாம்.

பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும், மருந்து பலிக்கவில்லை என்று தினமும் பூசிவிடாதீர்கள் என்று தம்பியிடம் சொல்லி அனுப்பினேன். நான்கு வாரம் தாண்டியும் நிற்காவிட்டாலோ புதிய கோடு தெரிந்தாலோ திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன்.