ஒரே வீடு, நான்கு மாவட்டம்: வயதான காலத்தில் ஹைட்ரோமெட்டலர்ஜி படித்த கதை

ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எங்கள் பக்கத்தில் ஏதாவது படிப்பில் சேர நினைத்தால், பாடத்திட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பீரோவைத் திறந்து, பழைய சான்றிதழ்களில் மாவட்டத்தின் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஹைட்ரோமெட்டலர்ஜி, அதாவது உலோகங்களைக் கரைசலில் கரைத்துப் பிரித்தெடுக்கும் படிப்பில் சேரப் போனபோது நான் கற்ற பாடம் இது.

என்னுடைய எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் வட ஆற்காடு மாவட்டம். கல்லூரியில் உதவித்தொகைக்காக வாங்கிய சாதிச் சான்றிதழில் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலைப் பக்கம் தனியாகப் பிரிந்தபோது வந்த பெயர் அது. ஆதாரில் வேலூர். 2019 நவம்பரில் மறுபடியும் பிரித்த பிறகு வாங்கிய இருப்பிடச் சான்றில் ராணிப்பேட்டை. வாலாஜாபேட்டையில் அதே தெரு, அதே வீடு. நான் எங்கும் குடிபோகவில்லை.

சேர்க்கைப் பிரிவு எழுத்தர் நான்கையும் மேசையில் வரிசையாகப் பரப்பிவைத்துக்கொண்டு, "இதில் எது சார் நீங்கள்?" என்று கேட்டார். எல்லாமே நான்தான் என்றேன். "அப்படி எழுதிக்கொள்ள இந்தப் படிவத்தில் இடம் இல்லையே" என்றார்.

தோல் தொழிற்சாலையில் கெமிஸ்டாக என் காலத்தைக் கழித்தவன் நான். தோலைப் பதப்படுத்த டிரம்மில் குரோம் ஏற்றும்போது போட்ட குரோமியத்தில் முப்பது, நாற்பது சதவீதம் தோலில் ஏறாமல் தண்ணீரோடு வெளியே போகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பப் பிடிக்கும் தொட்டிகளையும் மேற்பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே செய்ததெல்லாம் கைப்பழக்கம்தான். இப்போது பழைய பேட்டரிகளை அமிலத்தில் கரைத்துக் கோபால்ட்டும் நிக்கலும் லித்தியமும் பிரிக்கும் ஆலைகள் ஆள் தேடுகின்றன. கரைத்தல், வடித்தல், சுத்திகரித்தல், மீட்டெடுத்தல் என்று அவர்கள் கேட்பதில் பாதி வேலை எனக்குக் கையில் இருக்கிறது, காகிதத்தில் இல்லை. அதற்காகத்தான் ஒரு தனியார் கல்லூரியின் வார இறுதி ஹைட்ரோமெட்டலர்ஜி சான்றிதழ் வகுப்புக்கு விண்ணப்பித்தேன்.

மாவட்டச் சிக்கல் முடிவதற்குள் அடுத்தது கிளம்பியது. என் பி.எஸ்சி. பட்டம் உண்மையானது என்று பல்கலைக்கழகத்தில் சான்று வாங்கி வர வேண்டுமாம். பட்டத்தின் தலைப்பிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் என்று அச்சடித்திருக்கிறது. எழுத்தரோ, "நீங்கள் படித்த கல்லூரி இப்போது திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ்தானே வருகிறது, அங்கேதான் வாங்க வேண்டும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியதே 2002-ல், நான் பட்டம் வாங்கியது 1991-ல் என்று சொல்லியும் மசியவில்லை. சரி, எழுத்துப்பூர்வமாக இல்லையென்று வாங்கிக் காட்டினால்தான் ஆச்சு என்று வெயிலில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காட்டுக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஆண்டைப் பார்த்த உடனேயே, "ஐயா, இது சேப்பாக்கத்து வேலை" என்றார். சென்னைப் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். அவர் சொன்னது முழுக்கச் சரி. திருவலத்தில் பஸ்ஸுக்காக நின்ற நேரத்தில் எழுத்தரை மனதுக்குள் என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பது இங்கே வேண்டாம். சேப்பாக்கத்தில் வேலை சிக்கலில்லாமல் முடிந்தது.

மாவட்டப் பிரச்சினையைத் தீர்த்தது ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர். "மாவட்டம் பிரித்ததற்கு அரசாணை இருக்குமே அண்ணே, அதை எடுத்து வைத்துவிடுங்கள்" என்றார். அரசாணையின் நகல், நான்கு சான்றுகளிலும் இருப்பது ஒரே நபர்தான் என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழி, இரண்டையும் சேர்த்து எழுத்தரிடம் போகாமல் நேரே கண்காணிப்பாளரிடம் நீட்டினேன். அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எழுத்தர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. "இதை முதலிலேயே கொண்டுவந்திருக்கலாமே சார்" என்றார்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டி.சி.யை லேமினேட் செய்து வைத்திருக்கிறீர்களா? பின்பக்கம் முத்திரை குத்த முடியாது என்று அதற்கும் ஒரு தடை போட்டார்கள். பாதுகாப்பு என்று நினைத்துப் பிளாஸ்டிக் ஒட்டிய தலைமுறை நாங்கள். உங்கள் பிள்ளைகளின் சான்றிதழ்களையாவது கவரில் போட்டு வையுங்கள்.

வகுப்பு நன்றாகவே போனது. உடன் படித்த பிள்ளைகள் முதலில் அங்கிள் என்றார்கள், பிறகு சார் என்றார்கள், கணக்கு வந்தபோது என்னைவிட வேகமாகப் போட்டார்கள். கரைப்பான் கொண்டு உலோகத்தைப் பிரிக்கும்போது எத்தனை கட்டம் தேவை என்று படிக்கட்டுப் போல வரைந்து எண்ணும் மெக்கேப்-தீல் வரைபடம் எனக்குக் கடைசிவரை வியர்க்க வைத்தது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் உலோகவியல் விரிவுரைகள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டேன்.

ஆனால் பூர்பே வரைபடத்தைப் பார்த்த அன்று உண்மையாகவே சிலிர்த்தது. அமில-கார அளவைக் காட்டும் பி.எச். ஒரு பக்கம், மின்னழுத்தம் ஒரு பக்கம். எந்த நிலையில் உலோகம் கரைந்திருக்கும், எங்கே வீழ்படிவாகும் என்று கோடு கோடாகப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் தொட்டியில் காஸ்டிக் சோடா அதிகமாகிவிட்டால் வீழ்ந்த குரோமியம் மறுபடி கரைந்து பச்சையாகிவிடும். ஆட்களைத் திட்டுவோம், மறுபடி அமிலம் ஊற்றுவோம். குரோமியம் ஹைட்ராக்சைடு அமிலத்திலும் கரையும், மிகையான காரத்திலும் கரையும் என்று பாடப்புத்தகத்தில் படித்ததுதான். அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துப் பார்த்தபோதுதான் எங்கள் தொட்டி எந்த இடத்தில் நின்றது என்று கண்ணுக்குத் தெரிந்தது.

வீட்டில் சிறிதாகச் செய்து பார்க்கலாம் என்று கந்தக அமிலம் வாங்கப் போனேன். பல வருடங்களாக லாரி லாரியாக எங்களுக்கு அமிலம் கொடுத்த கடைக்காரர், அரை லிட்டர் தர மாட்டேன் என்றார். 2013-ல் உச்ச நீதிமன்றம் போட்ட கட்டுப்பாடு. வாங்குகிறவரின் அடையாளம், முகவரி, காரணம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கல்லூரியில் ஒரு கடிதம் கேட்டேன். முழுநேர மாணவர்களுக்குத்தான் கொடுப்போம் என்றார்கள். கட்டணம் வாங்கும்போது அந்த வித்தியாசம் தெரியவில்லை போலும். ஆய்வகப் பொறுப்பாளர் மேடம் தான் இரக்கப்பட்டு, "சனிக்கிழமை இங்கேயே வந்து செய்யுங்கள் சார்" என்றார். அதுவே நல்லதாகப் போயிற்று. வீட்டில் புகைபோக்கி அறை ஏது?

தெரிந்த டேனரியிலிருந்து குரோம் தண்ணீர் கொண்டுபோனேன். முதலில் நார்களை வடித்து, மேலே மிதந்த கொழுப்பை வழித்து எடுத்தேன். அதை விட்டுவிட்டால் வீழ்படிவு சரியாக உட்காராது. ஒரு குடுவையில் காஸ்டிக், இன்னொன்றில் மெக்னீசியம் ஆக்சைடு. காஸ்டிக் போட்டது உடனே திரண்டு, பொங்கிய இட்லி மாவு மாதிரி குடுவை முழுக்க உப்பி நின்றது. மெக்னீசியம் ஆக்சைடு மெதுவாகவே கரையும், பி.எச். மீட்டரில் எண் சோம்பலாக ஏறி எட்டைத் தாண்டியது. மறுநாள் பார்த்தால் அடியில் சாம்பல் பச்சையில் கெட்டியான ஒரு படலம், மேலே தெளிந்த தண்ணீர். அந்தப் படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடி டிரம்முக்குப் போகக்கூடிய குரோம் சல்பேட். இதைத்தான் இத்தனை வருடம் டன் கணக்கில் செய்தோம். ஒரு லிட்டரில் செய்தபோது இவ்வளவு சந்தோஷம் ஏன் என்று தெரியவில்லை.

கடைசி அடி வெளியே இருந்த ஒரு பரிசோதனைக் கூடத்தில். ராணிப்பேட்டைப் பக்கம் மச்சானின் கிணற்று நீரை, கரைந்த உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றப் பிசினில் விட்டுப் பார்ப்பது என் செய்முறைத் திட்டம். அங்கே 1990-களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல் குவிந்து கிடந்த கதை ஊரறிந்தது. மொத்தக் குரோமியத்துக்கு ஒரு பாட்டில், அதில் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு ஒரு பாட்டில் என்று தனித்தனியாகக் கொடுத்தேன். இரண்டிலும் நைட்ரிக் அமிலம் சேர்த்துவிட்டார்கள். மொத்தத்துக்கு அது சரி. ஆறு இணைதிறனுக்கு அமிலம் கூடாது; தண்ணீரில் உள்ள கரிமப் பொருளோடு சேர்ந்து அது மூன்று இணைதிறனாக இறங்கிவிடும். குளிரில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று வந்தது. அதே கிணற்றில் புதிதாக எடுத்த நீரில், கல்லூரி ஆய்வகத்தில் ஆறு இணைதிறன் குரோமியம் இருந்தால் நிறம் காட்டும் டைஃபீனைல் கார்பசைடை நானே விட்டேன். பளிச்சென்று ஊதா.

குடுவையைப் படம் எடுத்துப் போய்க் காட்டினேன். வரவேற்பில் இருந்த பெண், "எங்களுக்கு அங்கீகாரம் இருக்கிறது சார்" என்றார். மேலாளர் வரும்வரை உட்கார்ந்தேன். பணம் திரும்பவில்லை, மறுபரிசோதனை இலவசமாகச் செய்து கொடுத்தார்கள், இம்முறை ஐஸ் பெட்டியில் நானே கொண்டுபோனேன். சாம்பிள் கொடுக்கப் போகிறவர்கள் எந்தப் பாட்டிலில் என்ன சேர்க்கப்போகிறார்கள் என்று முன்பே கேட்டு, ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு இணைதிறன் என்றால் வெள்ளிக்கிழமை மாலையில் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமைதான் பாட்டிலைத் திறப்பார்கள்.