பம்பிங் மட்டும் பார்த்தால் போதாது

தண்டையார்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் எடுக்கிறேன். ஜெல்லைத் துடைத்துக்கொண்டே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பம்பிங் எவ்ளோ?" இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. 60 சதவீதம் என்றால் முகம் மலர்ந்துவிடும். பிரஷர்காரர்கள் விஷயத்தில் மட்டும் எனக்கு அந்த எண்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

சமீபத்தில் காசிமேட்டில் கருவாடு விற்கும் ஆயா ஒருவர் வந்தார். பிரஷர் 170/100. "நெஞ்சு வலியே இல்ல, இன்னாத்துக்கு தம்பி இதெல்லாம்?" மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. அதை வயசுக் கணக்கில் எழுதிவிட்டார். பம்பிங் 62. ஆனால் இதயத்தின் இடது கீழறைச் சுவர் 13 மில்லிமீட்டர். பெண்களுக்கு 9 வரைதான் இயல்பு.

கோளாறு ரத்தக்குழாயில் இருக்கிறது. குழாயின் உட்புறம் எண்டோதீலியம் என்று ஒற்றை அடுக்குச் செல்களாலான மெல்லிய படலம் உண்டு. அது நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுரந்து குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. (எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கக்கும் புகையிலும் இதே வாயு இருக்கிறது! உடம்புக்குள் அதன் வேலையைக் கண்டறிந்த ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு.) பிரஷர் நாள்பட்டால் இந்த வாயுவின் பலன் குறைகிறது. குழாய் இறுகித் தடிக்கிறது, அதனாலேயே பிரஷர் இன்னும் ஏறுகிறது. அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி, ஹார்பரில் மூட்டை தூக்குபவரின் புஜம் மாதிரி இதயத் தசையும் தடித்துப்போகிறது. தடித்த இதயம் சுருங்குவதில் கெட்டி, விரிவதில் மோசம். லேசாக விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடியாததால் அழுத்தம் நுரையீரல் பக்கம் திரும்புகிறது. ஆயாவுக்கு மூச்சு வாங்கியது இதனால்தான். பம்பிங் எண்ணில் இது தெரியாது. ரிப்போர்ட்டில் 'டயஸ்டாலிக்' (இதயம் விரியும் கட்டம்) என்று ஆரம்பிக்கும் வரியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பிரஷரைக் கட்டுக்குள் வைத்தால் தடித்த சுவர் ஓரளவு மெலியவும் செய்யும். ஆனால் நம் ஆட்கள் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையைப் போட்டுக் கால் வீங்கினால் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். அது அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவுதான். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், இல்லையென்றால் வேறு மாத்திரை தருவார். 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, அப்புறமும் நிறுத்தினால் என்ன சொல்ல?

கிளம்பும்போது ஆயா, "கருவாடு துன்னலாமா?" என்றார். டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.

"அவரு வேணாம்னுதான் சொல்வாரு. அதான் உன்னக் கேக்குறேன்."