ஆடி பதினெட்டுக்கு மாம்பழ பார்

கேக் ஆற்றங்கரைக்கு ஆகாது. கிரீம் வைத்தது என்றால் பென்னாகரம் போய்ச் சேர்வதற்குள் வழிந்துவிடும், கிரீம் இல்லாதது என்றால் டிபன் கேரியர், பாய், மாற்றுத்துணிப் பை, பசங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில் நசுங்கிவிடும். அதனால்தான் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல்லில் எல்லாரும் கூடுவது என்று முடிவானதும் நான் பார் (bar) என்கிற, துண்டு போடுகிற பலகாரம் செய்வது என்று வைத்துக்கொண்டேன். கீழே பிஸ்கட் மாதிரி ஒரு அடி, நடுவில் பழம், மேலே உதிர்த்துப் போட்ட மாவு, அவ்வளவுதான். ஆறியதும் வெட்டி டப்பாவில் அடுக்கிவிடலாம். முட்டை வேண்டாம், அடித்துக் கலக்குகிற பீட்டர் மெஷின் வேண்டாம். ஆடி மாசத்தில் எங்கள் வீட்டில் பாதிப் பேர் முட்டையைத் தொடமாட்டார்கள் என்பதால் அந்தத் தொல்லையும் இல்லை.

பார் செய்முறை என்று தேடினால் ஸ்ட்ராபெரி, புளூபெரி, ஆப்பிள் என்றுதான் வருகிறது. கிருஷ்ணகிரியில் உட்கார்ந்துகொண்டு புளூபெரிக்கு எங்கே போவது? ஊரைச் சுற்றி மாந்தோப்பு, சந்தூர்ப் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு மாஞ்செடி நர்சரி, மாம்பழக் கூழ் ஆலைகள் வேறு. மாம்பழம்தான் என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. எந்த மாம்பழம் என்பதில்தான் யோசனை.

முதலில் வீட்டில் இருந்த மல்கோவாவை வைத்தே ஒரு தட்டு போட்டேன். சாப்பிட நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மல்கோவாவை மல்கோவா என்று வாங்குவதே அந்த வாசனைக்காக, அதை அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் பாதி போய்விடுகிறது. தனியாக நறுக்கிச் சாப்பிட வேண்டிய பழத்தை மாவுக்கு நடுவில் புதைப்பது அநியாயம். அடுத்தது பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. கையில் வைத்துச் சாப்பிட இதை யாரும் பெரிதாகக் கொண்டாடமாட்டார்கள். இனிப்பு கொஞ்சம் மட்டு, லேசாகப் புளிப்பு, சதை கெட்டி. ஆனால் வேகவைக்கிற வேலைக்கு இந்த மூன்றுமே நமக்குச் சாதகம், கூழ் ஆலைகள் இதைத்தான் லாரி லாரியாக வாங்குகின்றன என்பதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. பெங்களூராவில் வாசனை மட்டும் குறைச்சல். அதற்கு நீலம் இருக்கிறது. கடைசி சீசனில் வரும் சின்னப் பழம், ஒன்றை அறுத்தாலே கூடம் வரைக்கும் மணக்கும். மூன்று பங்கு பெங்களூராவுக்கு ஒரு பங்கு நீலம் என்று கலந்தபோதுதான் எனக்குத் திருப்தியானது. நீலத்தை நறுக்கும்போது கொட்டையைப் பார்த்து அறுங்கள், பழம் வெளியே தங்கம் மாதிரி இருக்கும், கொட்டைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு வண்டு நிதானமாக வெளியே வரும். பெரும்பாலும் சதைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் பார்த்த பிள்ளைகள் அன்றைக்கு அந்தப் பழத்தைத் தொடமாட்டார்கள்.

ஆடி பதினெட்டு ஆகஸ்ட் 2 அல்லது 3 வாக்கில் வரும், அதற்குள் சீசன் முடிகிற தறுவாய். ஜூலையிலேயே பழத்தை வாங்கி அரைத்து வடிகட்டி ஃப்ரீசரில் போட்டுவிட்டேன். அந்த வேலை முடியாதவர்கள் 850 கிராம் டின் கூழ் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், லேபிளைப் பார்த்துவிட்டு நாம் போடும் சர்க்கரையை அநேகமாக நிறுத்தியே விடலாம்.

இப்போது அளவு. 8 அங்குலச் சதுரத் தட்டுக்கு மைதா 150 கிராம், ராகி மாவு 75 கிராம், நாட்டுச் சர்க்கரை 70 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஏலக்காய்ப் பொடி. ராகி இல்லாமல் நம் பக்கத்தில் ஒரு பலகாரமா என்று போட்டுப் பார்த்ததுதான், இப்போது அது இல்லாமல் செய்ய மனசு வரவில்லை. வெறும் வாணலியில் ராகி மாவை மணம் வரும் வரை வறுத்து ஆறவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பச்சை வாசனை அடிக்கும். சரிபாதி ராகி போட்ட ஈடு கத்தி வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. ராகியில் மைதாவில் இருப்பது போல இழுத்துப் பிடிக்கிற குளூட்டன் கிடையாது, அதனால் மூன்றில் ஒரு பங்குதான் அதற்கு எல்லை.

வெண்ணெய் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சின்னத் துண்டுகளாக்கி, மாவில் போட்டு விரல் நுனியால் மட்டும் பிசிற வேண்டும். உள்ளங்கை பட்டால் சூட்டில் இளகி மாவு பிசுபிசுக்கும். கையில் பிடித்தால் பிடிபட்டு, விட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். மூன்றில் இரண்டு பங்கை வெண்ணெய்த்தாள் விரித்த தட்டில் கொட்டி, தட்டையான டம்ளர் அடியால் அழுத்தி, 180 டிகிரியில் கால் மணி நேரம். ஓடிஜியில், அதாவது சின்ன மின்சார அவனில், இந்தக் கட்டத்துக்குக் கீழ்க்கம்பி மட்டும் போதும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கிவிடும், அப்போது அதே வேலைக்கு இன்னும் ஐந்து பத்து நிமிஷம் ஆகிறது, அதனால் கடிகாரத்தை நம்பாமல் ஓரம் பொன்னிறமாகிறதா என்று பார்த்து எடுக்கிறேன்.

அது வேகிற நேரத்தில் பழக்கூழ். 400 கிராம் கூழில் 50 கிராம் சர்க்கரை, அடிகனமான பாத்திரத்தில் வைத்துக் கிளறிக்கொண்டே இருந்தால் கொஞ்சம் சுண்டும். குறிப்புகளில் கப் கணக்கில் சர்க்கரை சொல்வது புளிக்கிற பழத்துக்கு, நம் மாம்பழத்துக்கு அதைப் போட்டால் திகட்டிவிடும். கார்ன்ஃபிளவர் 4 மேசைக்கரண்டி எடுத்துத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றி, நன்றாகக் கொதி வரும் வரை விடாமல் கிளற வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். கெட்டியானது போலத் தெரிந்ததும் இறக்கிவிடத் தோன்றும், இறக்கக் கூடாது. பளபளவென்று குமிழி வெடித்து, கரண்டியிலிருந்து சொட்டாமல் மொத்தையாக விழுகிற வரை இருந்தால்தான் ஆறினபிறகு துண்டு நிற்கும், மாவு வாசனையும் போகும். குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும், நீளக் கரண்டி எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கியபிறகு அரை எலுமிச்சம்பழம் பிழிந்து கலக்கினால் போதும், புளிப்போடு சேர்த்து ரொம்ப நேரம் கொதிக்கவிட்டால் கார்ன்ஃபிளவரின் பிடிப்பு தளர்ந்துவிடும்.

வெந்த அடிமேல் கூழைப் பரப்பி, மீதி மாவில் இரண்டு கைப்பிடி தேங்காய்த்துருவல் கலந்து தூவினேன். போச்சம்பள்ளிச் சந்தையில் வாங்கிய அரசம்பட்டித் தேங்காய், துருவி ஈரம் போக லேசாக வறுத்தது. மறுபடி 180 டிகிரியில் 25 நிமிஷம், கடைசி ஐந்து நிமிஷம் மேல்கம்பியும் போட்டால் தேங்காய் சிவந்து வரும்.

அப்புறம் ஆறவிட வேண்டும். நன்றாக ஆறவிட வேண்டும். வெளியே இரண்டு மணி நேரம், ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். சூட்டில் வெட்டினால் கூழ் வழியும், எவ்வளவு வாசனை வந்தாலும் கத்தியை எடுக்கக் கூடாது. நான் முந்தின நாள் ராத்திரியே செய்து வைத்துவிட்டுக் காலையில் வெட்டினேன், 16 துண்டு வந்தது. அடுக்குக்கு அடுக்கு வெண்ணெய்த்தாள்.

ஒகேனக்கல்லில் அன்றைக்குத் தண்ணீர் வரத்து ஜாஸ்தி, பரிசல் இல்லை, குளிக்கவும் விடவில்லை. கரையோரமாகவே பூஜை போட்டு, தாலிக்கயிறு மாற்றி, காப்பரிசி கொடுத்து, புளிசாதம் தேங்காய்சாதம் எல்லாம் பிரித்தபிறகு டப்பாவைத் திறந்தேன். ஓரத்துண்டு இரண்டு மூலையில் உடைந்திருந்தது, மற்றதெல்லாம் வெட்டினபடியே இருந்தது. அத்தை ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஏம்மா, அடியில என்ன, ராகியா? ராகியில போய் மாம்பழத்தை வெச்சியா?" என்றார். "சாப்பிட்டுப் பாருங்க அத்தை" என்றேன். ஒன்று சாப்பிட்டார், இன்னொன்றைத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சின்ன மாமாவுக்கு இனிப்பு பத்தவில்லையாம். காப்பரிசியை வாய் நிறையப் போட்டுக்கொண்டு அதற்குமேல் எதைச் சாப்பிட்டாலும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த தடவை மேலே தூவுகிற மாவில் கொஞ்சம் வறுத்த எள் சேர்த்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சீதாப்பழத்தில் செய்யலாமா என்று அண்ணி கேட்டார், வேண்டாம், சீதாப்பழம் சூடுபட்டால் கசக்கும். கொய்யாவில் செய்யலாம், விதையை மட்டும் வடிகட்டிவிட வேண்டும்.

மிச்சம் இருந்தால் அன்றைக்கு ராத்திரி வரை வெளியே தாங்கும், ஃப்ரிட்ஜில் மூன்று நாள். இரண்டாம் நாள் அடி கொஞ்சம் நமத்துப்போகும், தோசைக்கல்லைச் சிறுதீயில் வைத்து, மேலே மூடாமல் இரண்டு நிமிஷம் போட்டு எடுத்தால் மறுபடி மொறுமொறுப்பாகும்.