மேனிஃபோல்ட் குட்டி ரயில் மாடல்: டன்னல் வாயை மறுபடி வெட்டினேன்

மூணு வாரமா ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் இதே வேலைதான். இங்கிலாந்துல ஸ்டாஃபர்ட்ஷைர் பக்கம் லீக் அண்ட் மேனிஃபோல்ட்னு ஒரு குட்டி ரயில், வாட்டர்ஹவுஸஸ்லேருந்து ஹல்ம் எண்ட் வரை மொத்தமே 13 கிலோமீட்டர், ஆத்தங்கரையோரமா வளைஞ்சு வளைஞ்சு போகும். 1904 ஜூன் 27 ஓட ஆரம்பிச்சுது, 1934 மார்ச்ல மூடிட்டாங்க, முழுசா முப்பது வருஷம்கூட ஆகல.

எனக்கு இது மேல பிடிப்பு வந்ததே நம்ம பார்சி லைட் ரயில்வே மூலமாதான். மகாராஷ்டிராவுல பார்சி லைனைக் கட்டின எவரார்ட் கால்த்ராப்தான் இதுக்கும் இன்ஜினியர், அதே 762 மில்லிமீட்டர் கேஜ் (ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல உள்ள அகலம்), இன்ஜின் செஞ்ச கம்பெனியும் அதே லீட்ஸ் கிட்சன்தான். மொத்தம் ரெண்டே இன்ஜின், நம்மூர் ரயில் மாதிரி முன்னாடி பெரிய ஹெட்லைட், பின்னாடி மஞ்சள் கலர் பெட்டிங்க. போட்டோவுல பார்த்தா அந்தப் பச்சைப் பள்ளத்தாக்குல இது எப்படி வந்துச்சுன்னு தோணும்.

நான் 1:76 ஸ்கேல்ல, அதாவது நிஜத்துல 76ல ஒரு பங்கா பண்றேன், கணக்குப்படி தண்டவாள அகலம் சரியா 10 மில்லிமீட்டர் வரணும், ஆனா ரெடிமேடா கிடைக்கறது 9தான், அதனால அதையே வச்சுக்கிட்டேன்.

இந்த வாரம் செஞ்சது டிரான்ஸ்போர்ட்டர் வண்டி. இந்த ரயிலோட உயிரே இதுதான்னு சொல்வேன். அகலமான பெரிய லைன்ல வர்ற வேகனை வாட்டர்ஹவுஸஸ்ல நிறுத்தி சரக்கை இறக்கி ஏத்தாம, வேகனை அப்படியே தள்ளி இந்த வண்டி மேல ஏத்திருவாங்க. ரெண்டு முனையிலயும் போகி (சின்னச் சக்கரங்க கோத்த கட்டு), நடுவுல தரையை ஒட்டின மாதிரி தாழ்வான ஃபிரேம், அதுல பெரிய வேகனோட சக்கரம் உக்கார தண்டவாளம். இந்த லைன்ல எக்டன் ஸ்டேஷன்ல பால் பண்ணை ஒண்ணு இருந்துச்சு, அங்கேருந்து பாலும் இப்படித்தான் லண்டனுக்குப் போகும். சன்போர்டை (லேசான மாடல் அட்டை) 2 மில்லிமீட்டர் பட்டையா வெட்டி ஃபிரேம் ஒட்டினேன், வேகனை ஏத்தினதும் நடுவுல தொய்ஞ்சு தரையில இடிச்சுது. அப்புறம் பழைய குடைக்கம்பியை நறுக்கி ரெண்டு பக்கமும் உள்ள வச்சு ஒட்டினதும் விறைப்பா நின்னுடுச்சு.

அடுத்த சிக்கல்தான் எனக்கு நிறைய சொல்லிக்குடுத்துச்சு. இந்த லைன்ல வர்ற ஸ்வெய்ன்ஸ்லி டன்னலோட வாயை இன்ஜின் உயரத்தை வச்சு போன வாரமே 46 மில்லிமீட்டருக்கு வெட்டி, கல்லு கோடெல்லாம் கீறி பெயிண்டும் அடிச்சிட்டேன். இப்ப வேகன் ஏத்தின வண்டியைத் தள்ளுறேன், நுழையவே இல்ல, கூரை ஓரம் போய் வளைவுல முட்டி நிக்குது. வேகனோட சேர்த்து உயரத்தை அளந்தா 50. அப்பதான் புரிஞ்சுது, இவ்ளோ சின்ன ரயிலுக்கு ஏன் அவ்ளோ பெரிய டன்னல்னு. மேல உக்காந்து வர்ற பெரிய வேகனுக்காகக் குடைஞ்சது அது! இன்னிக்கு அது வழியா கார் போகுதுன்னா அந்த அளவாலதான்.

அங்க டன்னலே ஏன் வந்துச்சுங்கறது தனிக் கதை. லீக் ஊர்ல பட்டுக்குச் சாயம் போடற தொழில்ல பெரிய ஆள் சர் தாமஸ் வார்டில், நம்ம டஸ்ஸர் பட்டுக்கெல்லாம் சாயம் ஏத்தறதைக் கண்டுபிடிச்சவர், அவர் வீட்டு எதிர்க்கதான் லைன் போகணும், வீட்டிலேருந்து ரயில் கண்ணுல படக்கூடாதுன்னு மலையைக் குடைஞ்சு மறைச்சுட்டாங்க.

பால் பண்ணை 1932ல மூடினதும் முக்கியமான சரக்கே போச்சு, ரெண்டு வருஷத்துல ரயிலும் போச்சு. தண்டவாளத்தைப் பேத்து எடுத்துட்டு 1937ல அதை நடைபாதையாக்கிட்டாங்க, டன்னல் இருக்கற பகுதியில மட்டும் இப்ப காரும் போகுது, இன்னிக்கும் ஜனங்க நடக்கறாங்க, சைக்கிள் ஓட்டறாங்க.

புது டன்னல் வாய் 56 மில்லிமீட்டர். நேத்து ராத்திரி வண்டி சுளுவா உள்ள போய் அந்தப் பக்கம் வந்துச்சு, நாலு தடவை தள்ளிப் பார்த்தேன். எக்டன் பிளாட்பாரத்துக்கு பட்ஸ் குச்சியை நறுக்கி பால் கேன் செஞ்சு வச்சிருக்கேன், இதுவரை 22 ஆச்சு.