லாக் இல்லாத இடத்தில் டீபக்

மாலை 6:43க்கு மேனேஜரிடமிருந்து "ஓகே." என்று ஒரு பதில் வருகிறது. வழக்கமாக "ஓகே, தேங்க்ஸ்" என்று போடுகிறவர். இன்றைக்கு வெறும் ஓகே, கூடவே ஒரு முற்றுப்புள்ளி. புரொடக்‌ஷன் சப்போர்ட்டில் (ஓடுகிற சாஃப்ட்வேரின் பழுது பார்க்கும் வேலை) நாலைந்து வருடம் ஓட்டிய மூளைக்கு இது போதும். ஸ்டாண்டப் மீட்டிங்கில் சொன்னது பிடிக்கவில்லையோ, அந்த டிக்கெட் (பதிவான புகார்) எஸ்எல்ஏ கெடுவைத் தாண்டிவிட்டதோ, அடுத்த மாதம் அப்ரைசல் வேறு இருக்கிறதே... படுத்த பிறகும் ஆர்சிஏ (மூல காரணம் தேடுவது) ஓடிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் "ரொம்ப யோசிக்காதே" என்பார்கள். யோசிப்பதற்குத்தான் சம்பளமே. சர்வர் படுத்துவிட்டால் லாக் (நடந்ததெல்லாம் பதிவாகும் கோப்பு) இருக்கிறது, கடைசியாக எதை ஏற்றினோம் என்று பார்க்கலாம், ஊகத்தைச் சோதிக்கலாம், சரியானதும் டிக்கெட்டை மூடலாம். மேனேஜர் மனதுக்கு லாக் கிடையாது. ஊகம் சரியா தப்பா என்று பார்க்க வழியில்லை, மூட டிக்கெட்டும் இல்லை. தரவு இல்லாத மூளை தானே தரவைத் தயாரித்துக்கொள்ளும், அதையும் பெரும்பாலும் மோசமான பக்கமாகவே தயாரிக்கும்.

டொயோட்டாவிலிருந்து வந்த 'ஐந்து ஏன்' முறை ஐடி ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். இயந்திரம் ஏன் நின்றது என்று தொடங்கி, வரும் பதிலுக்கெல்லாம் மறுபடி ஏன் கேட்டால், கடைசியில் எண்ணெய் பம்புக்கு வடிகட்டி இல்லாததில் போய் நிற்கும். வடிகட்டியை மாட்டினால் வேலை முடிந்தது. அதே கேள்வியை நம்மீது போட்டுப் பாருங்கள். மீட்டிங்கில் ஏன் திணறினேன்? தயாராகவில்லை. ஏன்? தள்ளிப்போட்டேன். ஏன்? நாலாவது ஐந்தாவது ஏனுக்குள் "நான் இதற்கு லாயக்கில்லை" வந்துவிடும். அதற்கு மாட்ட எந்த உதிரிபாகமும் கிடையாது. எட்வர்ட் வாட்கின்ஸ் என்ற உளவியலாளர் இதைத்தான் பல வருடம் ஆராய்ந்தார். நடந்ததைப் பற்றி 'ஏன் எனக்கு இப்படி' என்று பொதுப்படையாகச் சுழல்வது சோர்வை நீட்டிக்கிறது. 'எப்படி நடந்தது, அடுத்து எதைச் செய்வது' என்று குறிப்பாகப் பார்ப்பது உதவுகிறது.

நடைமுறையில் செய்யக்கூடியது, கவலைக்கென்று ஒரு நேரம் ஒதுக்குவது. 1983இல் உளவியலாளர் போர்கோவெக் குழுவினர் சோதித்த முறை இது: தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. வேலைக்குப் போகிறவர்களுக்கு 20 நிமிடம் போதும். சாயங்காலம் ஏழு, ஏழரை சரியாக இருக்கும்; படுக்கப் போகும் நேரம் கூடாது, படுக்கையிலும் கூடாது. பகலில் கவலை எட்டிப் பார்த்தால் ஒரு வரி குறித்துவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். ஏழு மணிக்கு அந்த வரியை எடுத்து மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்:

தெரிந்தது: 6:43க்கு ஒரு வார்த்தை.
ஊகம்: கோபமாக இருக்கிறார்.
செய்யக்கூடியது: நாளை பத்து மணிக்கு, "நேத்து அனுப்பின ரிப்போர்ட்ல ஏதாவது மாத்தணுமா?" என்று கேட்பது.

முதல் வரி எவ்வளவு குட்டையாக இருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி வேகம் தணியும். மூன்றாவது வரி எழுத வராத விஷயங்களும் உண்டு. அவற்றுக்கு "இப்போது ஒன்றுமில்லை" என்று எழுதி அடுத்ததற்குப் போக வேண்டியதுதான். அலாரம் அடித்ததும் நோட்டை மூடிவிட வேண்டும். இந்த முறை கெட்டுப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, மொபைலில் எழுதப் போய் ஆபீஸ் சாட்டைத் திறந்துவிடுவது. இன்னொன்று, மூன்று நாள் செய்துவிட்டு "வேலைக்காகவில்லை" என்று விடுவது. கவலையைத் தள்ளிப்போடுவதும் ஒரு பழக்கம்தான், படிய இரண்டு மூன்று வாரமாவது கொடுக்க வேண்டும்.

ஷிப்ட்டில் இருப்பவர்கள் அடுத்தவருக்கு ஹேண்ட்ஓவர் குறிப்பு எழுதாமல் கிளம்ப மாட்டார்கள். ஜெனரல் ஷிப்ட்காரர்கள் தங்களுக்கே எழுதிக்கொள்வதில்லை. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தினர் நடத்தி 2018இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் செய்ய வேண்டிய வேலைகளை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். எவ்வளவு குறிப்பாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். ஆகவே "பேட்ச் ஜாப் பார்க்கணும்" என்று எழுதினால் போதாது. "காலை 9:30, நேற்றிரவு பேட்ச் ஜாப் லாக், மூன்றாவது ஸ்டெப்" என்று இருக்க வேண்டும். (ஐந்து மணிக் காபியையும் கணக்கில் சேருங்கள். காஃபின் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். பத்து மணிக்கும் அரை டம்ளர் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம்.)

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: டென்ஷன். பயம், அவமானம், கோபம், பொறாமை, பசி எல்லாம் டென்ஷன். எல்லா எர்ரருக்கும் ஒரே எர்ரர் கோட் காட்டுகிற அப்ளிகேஷனை யாராவது சகித்துக்கொள்வார்களா? டென்ஷன் என்று வாயில் வந்ததும், அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். தாடை இறுகியிருக்கிறதா, நெஞ்சு படபடக்கிறதா, வயிற்றைப் பிசைகிறதா? பிறகு அந்தக் குடையின் கீழ் உண்மையில் எது நிற்கிறது என்று ஒரே ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கலாம். காரணம் தேட வேண்டாம், பெயர் போதும். அவமானம் என்று தெரிந்துவிட்டால் செய்ய வேண்டியதே வேறாகிவிடுகிறது. அந்த மீட்டிங்கில் இருந்த ஒருவரிடம் பேசினால் அது இறங்கும். ஸ்லைடை ராத்திரி முழுக்கத் திருத்தினால் இறங்காது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால் நோட்டுப் புத்தகத்தை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. டாக்டரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

இந்த மூளை வீட்டுக்குள் செய்கிற சேதம் தனி. மனைவியோ கணவனோ "இன்னைக்கு ஆபீஸ்ல" என்று ஆரம்பித்து இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் தீர்வு தயாராகிவிடும், அடுத்த நிமிடம் சண்டையும். முதலிலேயே கேட்டுவிடலாம்: "யோசனை சொல்லணுமா, சும்மா கேக்கட்டுமா?" சும்மா கேளு என்று பதில் வந்தால் லேப்டாப்பை மூடிவிட்டு, கைக்கு ஒரு வேலை கொடுத்துக்கொள்வது நல்லது. சின்ன வெங்காயம் உரிக்கலாம். கால் கிலோ உரிப்பதற்குள் அவர் சொல்லி முடித்திருப்பார்.